இடது பக்கம் என் பொறுப்பு

செப்டம்பர் 9, திங்கள்

எனக்கு நடக்கத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் இதை எழுதி வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கும் என் டிரைவிங் ஸ்கூலுக்கும் நடுவில் முந்நூறு அடி தூரம். அதற்கும் காரில்தான் போவேன். கோயிலுக்குப் போனால் ஒரே ஒரு சுற்று, அதையும் பாதியில் நிறுத்திவிட்டுப் பொங்கல் எங்கே கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். அப்படிப்பட்டவனைப் பத்து நாள் மலையில் நடக்க வைக்க வேண்டும் என்று இந்திராணிக்கு யோசனை வந்திருக்கிறது. இந்திராணி என் மனைவி. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் என்னிடம் அதிகம் கேட்காதவள். அதனால் மறுக்க முடியவில்லை.

கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறையைத் தாண்டி, மன்னவனூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்டேஜ். வாசலில் நின்றால் கீழே ஏரி, சுற்றிலும் மலை. காட்டேஜ் அசோக்ராஜுடையது. என்னிடம் கார் பழகியவன். மூன்று தடவை டெஸ்டில் தோற்று நாலாவது தடவை பாஸானவன். இப்போது இந்த மலையில் இதைப் போல மூன்று வீட்டுக்கு முதலாளி. பாஸானவர்களைவிடத் தோற்றவர்கள்தான் வாத்தியாரை மறப்பதில்லை.

அடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து மேலே மலைப் பாதையிலும் நான்தான் ஓட்டினேன். வேறு யார் ஓட்டுவது? நாலாயிரம் பேருக்கு மேல் கற்றுக் கொடுத்தவன் நான். வழி நெடுக இந்திராணி வாய் ஓயவில்லை. அந்தா பஸ் வருது, இடது பக்கம் ஒரு ஆள் நடக்கிறார், ஓரத்தில் ஜல்லி கொட்டியிருக்கு என்று கிரிக்கெட் கமெண்டரி மாதிரி. ஒரு வளைவில் எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என் பரம்பரையை விசாரித்தார். பொறுமை இல்லாதவர்களை எல்லாம் மலை ரூட்டில் போட்டால் இப்படித்தான்.

டி.வி. ஓடவில்லை. போனில் சிக்னல் இல்லை. அதனால்தான் இந்த நோட்டு. ஸ்கூலில் ஆளுக்கொரு கார்டு வைத்துத் தினமும் குறிப்பு எழுதுவது என் வழக்கம். "கிளட்ச் பயம்." "வளைவில் அவசரம்." "பேச்சு அதிகம்." இனிப் பத்து நாளைக்கு மாணவன் நான். முதல் நாள் குறிப்பு: காரிலிருந்து இறங்கி வாசலுக்குப் போவதற்குள் படி தடுக்கியது. படியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிய வீடு.

செப்டம்பர் 10, செவ்வாய்

புது ஷூ. இதைப் போட்டால் இமயமலையே ஏறலாம் என்றார் கடைக்காரர். நான் வாசலிலிருந்து கேட் வரை போனேன், அதற்குள் குதிகால் கடித்துவிட்டது.

காட்டேஜைப் பார்த்துக்கொள்பவர் பெயர் குழந்தைவேலு. நாற்பது வயதிருக்கும், பூம்பாறைக்காரர். சமையலும் அவர்தான். சொந்தமாகக் கொஞ்சம் பூண்டுத் தோட்டம் உண்டு. சீசனில் ஜீப்பில் மூட்டை ஏற்றி வடுகபட்டிச் சந்தைக்கு அவரே ஓட்டிக்கொண்டு போவாராம். யாரிடம் ஓட்டக் கற்றீர்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, வண்டியும் ரோடும் சொல்லித் தந்ததுதான் என்றார். என் தொழிலுக்கே உலை வைக்கிற பதில்.

ஏரியைச் சுற்றி நடந்தோம். இந்திராணியும் நானும், முன்னால் குழந்தைவேலு. பச்சைப் புல் வெட்டிவிட்டது போல இருக்கிறது. தூரத்தில் செம்மறி ஆடுகள். நல்ல மூடுபனி. ஏரியின் நடுவில் தண்ணீர் மட்டும் பளபளவென்று தெரிந்தது, இரண்டு ஓரமும் கலங்கிக் கிடந்தது. கரையில் யாரோ பாதையின் நடுவிலேயே ஒரு கல்தூணை நட்டு வைத்திருக்கிறார்கள். முழங்காலில் நன்றாக வாங்கிக்கொண்டேன். தூண் ஓரத்தில்தான் இருந்தது என்கிறாள் இந்திராணி. ஓரம் எது, நடு எது என்பதெல்லாம் நடக்கிறவரைப் பொறுத்தது.

திரும்பி வந்ததும் அவள் எடுத்த படங்களைப் போனில் காட்டினாள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆடு, புல், அக்கரையில் மரம், மரத்தடியில் ஒரு குதிரை எல்லாம் தெரிகிறது. இந்தக் காலத்துப் போன்கள் பனியைத் துடைத்துவிட்டுத்தான் படம் எடுக்கும் போலிருக்கிறது.

படுக்கும் முன் இந்திராணி கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். வறட்சிக்கு.

செப்டம்பர் 11, புதன்

மழை. நடை இல்லை. வருண பகவானுக்கு நன்றி.

இந்திராணியும் குழந்தைவேலுவும் அடுப்படியில் பூண்டு உரித்தார்கள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு பழைய செய்தித்தாளைப் படித்தேன். டெண்டர் நோட்டீஸின் பொடி எழுத்துவரை ஒன்று விடாமல் படித்தேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பூண்டு உரித்தாள்.

மத்தியானம் திடீரென்று, ரெஜினா இப்போது எப்படி இருக்கிறாள் என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

ரெஜினா யார் என்பதையும் எழுதிவிடுகிறேன். நர்ஸ் வேலை பார்க்கிற பெண், நாற்பது வயது, மே மாதம் என்னிடம் கார் பழகினாள். நன்றாகவே ஓட்டினாள். பதினோராவது நாள் காலை, சந்துக்குள்ளிருந்து சைக்கிளில் வந்த பால்காரர் முனியாண்டி மேல் இடித்துவிட்டாள். அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பெண் பதறிவிட்டாள், பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். பழகுகிறவர்கள் பதறுவது சகஜம். அதோடு அவள் ஸ்கூலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். கார்டில் கடைசிக் குறிப்பு: "பதற்றம்." அவ்வளவுதான் விஷயம்.

மழை விடவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பைன் காட்டு வழியாக நடை. வெளியே வெயில், காட்டுக்குள் காலடி வைத்ததும் இருட்டு. பைன் மரங்களுக்கு வேரை மண்ணுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நாலு தடவை தடுக்கினேன், ஒரு தடவை விழுந்தேன். விழுந்ததும் ஷூ சரியில்லை என்றேன். இந்திராணி சாதாரணச் செருப்போடு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

குழந்தைவேலு ஒரு கம்பை வெட்டிச் சீவிக் கொடுத்தார். கம்பு பிடித்ததும் ஆட்டுக்காரன் போலவும் இல்லை, சாமியார் போலவும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பறிகொடுத்த டிரைவர் போல இருந்தேன்.

ஒன்று கவனித்தேன். இந்திராணி எப்போதும் என் இடது பக்கமே நடக்கிறாள். நான் பாதை மாறினால் அவளும் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்துவிடுகிறாள். கேட்டதற்கு, அந்தப் பக்கம்தான் காற்று நன்றாக வருகிறது என்றாள். அவள் போகிற இடமெல்லாம் காற்றும் மாறுகிறது.

காலில் இரண்டு அட்டை. உப்பு வைத்து எடுத்தோம். என் ரத்தத்தைக் குடித்தும் அவை சுறுசுறுப்பாக இருந்தது ஆச்சரியம்தான்.

செப்டம்பர் 13, வெள்ளி

இடுப்பு வலி. எழுத முடியவில்லை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 14, சனி

நேற்று நடந்தது இதுதான்.

துணை இல்லாமல் நடக்க முடியும் என்று காட்டிவிடலாம் என்று, இருவரும் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்துக் கிளம்பினேன். யாருக்குக் காட்ட? கம்பையும் எடுக்கவில்லை. காட்டேஜுக்குக் கீழே படிப்படியாக வெட்டிய தோட்டங்கள், பூண்டும் கேரட்டுமாக. வரப்பில் நடந்தேன். நேரே பார்த்து நடந்தால் எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. ஏரி தெரிந்தது, அக்கரையில் ஒரு வெள்ளைக் கொக்குகூடத் தெரிந்தது. கொக்கு தெரிகிறதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு காலை வைத்தேன். இடது பக்கம் வரப்பு முடிந்துவிட்டிருந்தது.

ஓர் ஆள் உயரம் கீழே, ஒருவருடைய பூண்டுப் பாத்தியில் உட்கார்ந்திருந்தேன். நனைந்த மண்ணானதால் எலும்பு தப்பித்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து, முதலில் பூண்டுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். நியாயமான வரிசை. பிறகு அவர் போட்ட சத்தத்தில் குழந்தைவேலு ஓடி வந்து தூக்கினார்.

இந்திராணி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள், தைலம் தேய்த்தாள். திட்டியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். வரப்புகளின் அகலம் பற்றி நாலு பாயிண்ட். வீணாகிப்போனது.

இன்று நாள் முழுக்கப் படுக்கை. சாப்பாட்டுக்குப் பூண்டுக் குழம்பு. குழந்தைவேலு வேண்டுமென்றே வைத்தாரா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று நான் இந்த ஊரில் பிரபலமாகிவிட்டேன்.

மாலை நாலு மணிக்குச் சோலைக் காட்டின் ஓரமாக நடந்தோம். இடுப்பு பரவாயில்லை. நான் முன்னால், கம்போடு. மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் எப்படி எடுப்பது என்று குழந்தைவேலுவுக்கு விளக்கிக்கொண்டே போனேன். ஹாண்ட் பிரேக்கை எந்த நொடியில் விடுவது என்பது ஒரு கலை, அதை அவருக்கு ரோடு சொல்லித் தந்திருக்காது. இந்திராணி செருப்பில் ஏறிய அட்டையைத் தட்டுவதற்காக நின்றாள். அவளுக்காக அவரும் நின்றிருக்கிறார். நான் பேசிக்கொண்டே போய்விட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் "ஆமாங்க சார்" கேட்கவில்லை. மாணவர் கவனிக்கவில்லையே என்று நின்று திரும்பினேன். இருவரும் முப்பது அடி தள்ளிச் சிலை போல நிற்கிறார்கள். இந்திராணி வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். குழந்தைவேலு உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் காட்டுகிறார், அசையாதே என்று.

என்ன என்று இன்னும் கொஞ்சம் திரும்பினேன். பக்கத்தில் ஒரு கறுப்புச் சுவர். சுவருக்கு வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால். காட்டுமாடு. நான் கையை நீட்டிக் கம்பால் தொட்டிருக்கலாம். அதன் மூச்சு புல்லின் வாடையோடு என் சட்டையில் பட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அது என்னைப் பார்த்தது, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று முடிவு செய்தது போல ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு வேலியை மிதித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிப் போனது.

குழந்தைவேலு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பத்தடி தூரத்தில் நிற்கிற காட்டுமாட்டைப் பார்த்தும் பேச்சை நிறுத்தாமல், நடையை மாற்றாமல் அதன் பக்கத்திலேயே போன ஆளை அவர் கண்டதில்லையாம். ஓடியிருந்தால் குத்தியிருக்கும், நிதானமாகப் போனதால்தான் விட்டது என்றார். டீக்கடையில் போய் அதையே நாலு பேரிடம் சொன்னார். கடைக்காரர் பஜ்ஜித் தட்டை என் முன்னால் வைத்து, எடுத்துக்குங்க சார் என்றார்.

நான் மாட்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் நிதானமாக நடந்தேன். குழந்தைவேலுவிடம் இப்படித்தான் சொன்னேன். நோட்டிலும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

இந்திராணி பஜ்ஜி சாப்பிடவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் நான் காபி குடித்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு இந்திராணி எதிரே உட்கார்ந்தாள். குழந்தைவேலு தோட்டத்துக்குப் போயிருந்தார். அவர் போகிற வரை காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

"அந்த மாட்டை நீங்க பாக்கலை," என்றாள்.

பார்த்தேன் என்றேன்.

"என்னங்க, நான் பின்னாடிதான் நின்னேன். அது காதை ஆட்டுச்சு, தலையைத் தூக்குச்சு. நீங்க அது பக்கத்துல நின்னு ஹாண்ட் பிரேக்கைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க."

நான் மூடுபனி என்று ஆரம்பித்தேன். அவள் கையை மட்டும் காட்டினாள், போதும் என்பது போல. முப்பத்தோரு வருஷத்தில் அவள் எனக்குச் சிக்னல் காட்டி நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

சொட்டு மருந்து தீர்ந்து, ஜனவரியில் அவள் போய் வாங்கி வந்திருக்கிறாள். மருந்துக் கடைக்காரர், அம்மா இது வறட்சிக்கு இல்லை, கண் அழுத்தத்துக்கு, ஒரு நாள்கூட விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். எட்டு மாதமாக அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் காரில் கமெண்டரி ஆரம்பித்ததும், இடது பக்கம் நடக்க ஆரம்பித்ததும். இவளுக்கு வயதாக வயதாகப் பேச்சு கூடிவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். ரெஜினா விஷயத்துக்கு அப்புறமாவது சொல்வீங்கன்னு நினைச்சேன்."

நான் அந்தப் பழைய செய்தித்தாளை எடுத்து மடித்தேன்.

"வண்டியில வச்சு இதைப் பேச முடியாது. ஓட்டுற ஆளை அழ வைக்கக் கூடாது. வீட்டுல பேசினா நீங்க ஸ்கூலுக்குப் போயிருவீங்க. அதான் அசோக்ராஜ்கிட்ட நானே கேட்டேன், கார் தேவைப்படாத இடமா ஒரு வீடு வேணும்னு. நடந்தா உங்களுக்கே தெரிஞ்சிரும்னு நினைச்சேன். மேலே ஏறி வர்றப்போ கண்ணு எரியிற வரைக்கும் ரோட்டையே பாத்துட்டு வந்தேன். இறங்குறப்போ என்னால முடியாது."

அழவில்லை. கணக்கு டீச்சர் விடையைச் சொல்வது போலச் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

இனி மறைக்க யாருமில்லை, இந்த நோட்டைத் தவிர. அதனால் எழுதிவிடுகிறேன்.

போன டிசம்பரில் மதுரையில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன். ஒரு மிஷினுக்குள் மோவாயை வைத்து நடுவில் இருக்கிற வெளிச்சத்தையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் அங்கங்கே ஒரு பொட்டு வெளிச்சம் மின்னும், தெரிந்ததும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் மின்னவில்லை. மின்னாமல் இருக்காதே, எனக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்தது. உடனே மனதுக்குள் எண்ணி, ஒன்று விட்டு ஒன்று அமுக்க ஆரம்பித்தேன். டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, வெளிச்சமே போடாத நேரத்திலும் அமுக்கியிருக்கிறீர்களே என்றார். நாலாயிரம் பேரை டெஸ்டுக்கு அனுப்பியவன், எனக்கு வந்த ஒரே டெஸ்டில் பிட் அடித்து மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். இரண்டு ஓரமும் போய்விட்டது, இடது பக்கம் ரொம்ப மோசம் என்றார். நடுவில் தெரிவதால்தான் பொடி எழுத்துகூடப் படிக்க முடிகிறது, அதை நம்பி ஏமாறாதீர்கள் என்றார். போனது திரும்பாது, மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக் கூடாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, காரை எடுத்து, ஓட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை வந்து சேர்ந்தேன். வறட்சி என்று இந்திராணியிடம் சொன்னேன்.

அப்புறம் ரெஜினா. பழக வருகிற எல்லோருக்கும் முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான்: வலது பக்கம் நீங்கள் பாருங்கள், இடது பக்கம் என் பொறுப்பு. என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது, பயப்படாதீர்கள். அன்றைக்கு அந்தச் சந்து இடது பக்கம் இருந்தது. முனியாண்டி இடது பக்கமிருந்து வந்தார். சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். ரெஜினா பிரேக்கைத்தான் மிதித்தாள். அவள் ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. அவள் என்னைப் பார்த்து, "நீங்க பாத்துக்குவீங்கன்னு சொன்னீங்களே சார்" என்று மட்டும் கேட்டாள். கூட்டம் கூடுவதற்குள் நான் கதையை மாற்றிவிட்டேன்.

கார்டில் "பதற்றம்" என்று எழுதியதும் நான்தான். பதறியவன் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன்.

இன்று நடை இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

சிக்னல் கிடைப்பது காட்டேஜுக்கு மேலே அரை கிலோமீட்டரில் ஒரு மொட்டை மேட்டில். ஊரில் எல்லோரும் போன் பேச அங்கேதான் ஏறுகிறார்கள். காலையில் இந்திராணியிடம், மேட்டுக்குப் போகணும், இடது பக்கம் வருகிறாயா என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. செருப்பை மாட்டினாள்.

ஏறினோம். இன்றுதான் அவள் செய்கிற வேலையைக் கவனித்தேன். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. கல் வந்தால் முழங்கையால் லேசாகத் தள்ளுகிறாள், பள்ளம் வந்தால் இழுக்கிறாள். என் கைகூட அறியாதபடி. இத்தனை நாளாக நானே நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வரப்பிலிருந்து விழுந்ததும், மாட்டின் பக்கத்தில் நின்றதும் அவள் கூட இல்லாதபோதுதான். ஏரிக்கரைத் தூணையும் பைன் காட்டு வேர்களையும் மட்டும் அவளாலும் சமாளிக்க முடியவில்லை.

மேட்டில் ஏற்கெனவே ஒருவர் கேரட் விலை பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை காத்திருந்தோம். எனக்கு அவர் சாயங்காலம் வரை பேசினால் தேவலை என்றிருந்தது.

ரெஜினா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். நான் யாரென்று சொன்னேன். தெரியும் சார் என்றாள். மேலே ஏறும்போது நாலு விதமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. அன்றைக்குத் தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது, எனக்கு இடது கண் ஓரம் தெரியாது, அது எனக்கு முன்னாடியே தெரியும், மறைத்தேன், உங்கள் மேல் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"நான் மிதிச்சது பிரேக்குதானே சார்?" என்றாள்.

"பிரேக்குதாம்மா."

"எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வார்டுல ஊசி எடுக்கிறப்போகூட ரெண்டு தடவை மருந்து பேரைப் படிக்கிறேன், நாலு மாசமா."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருக்கிறார், இப்போது சொன்னதை அவரிடமும் சொல்லுங்கள், அந்தப் பால்கார அண்ணனிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றாள். போனைக் கணவரிடம் கொடுத்தாள். இரண்டாவது தடவை சொல்வது சுலபம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, ஊருக்கு வாங்க, நேரில் பேசிக்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவர் குரலில் சமாதானம் ஒன்றும் தெரியவில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

இந்திராணி கொஞ்சம் தள்ளி மலையைப் பார்த்து நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். இறங்கும்போது, கால் பாத்து என்றாள். இந்த முறை வாயால்.

பிறகு டீக்கடைக்குப் போய், அன்றைக்கு அந்த மாட்டை நான் பார்க்கவே இல்லை, எனக்குக் கண் ஓரம் தெரியாது என்றும் சொல்லிவிட்டேன். கடைக்காரர் எண்ணெயில் கிடந்த பஜ்ஜியைத் திருப்பிப் போட்டார். "அப்ப மாடுதான் சார் நிதானமா இருந்திருக்கு," என்றார். பஜ்ஜித் தட்டு இந்த முறை முன்னால் வரவில்லை.

மத்தியானம் கார் சாவியைக் குழந்தைவேலுவிடம் கொடுத்தேன். நாளைக்கு நீங்கள் எங்களை ஊர் வரை கொண்டு விட வேண்டும் என்றேன். வாங்கிக்கொண்டார். கை வெறுமையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போய், ரிவர்ஸ் கியர் கொஞ்சம் இறுக்கம், மேலே தூக்கிப் போடணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் இன்னொரு தடவை போனேன், ஹெட்லைட் சுவிட்சுக்காக. மூன்றாவது தடவை இந்திராணி நிறுத்திவிட்டாள்.

செப்டம்பர் 18, புதன்
வத்தலக்குண்டு, காபிக் கடை வாசல்

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பழக்க தோஷத்தில் நான் வலது பக்கக் கதவைத் திறந்தேன். குழந்தைவேலு மரியாதையாக ஒதுங்கி நின்றார். சரி, பக்கத்து சீட்டிலாவது உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கலாம் என்று போனால், பின்னால் வாங்க என்றாள் இந்திராணி. என் சொந்த வண்டியின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் முறை. கால் வைக்க இடமே இல்லை. இத்தனை வருஷம் ஒருவரும் புகார் சொன்னதில்லை.

இந்திராணி எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். இடது பக்கம் இருப்பது கதவுதான், அதற்குக் காவல் வேண்டாம் என்றாள்.

ஊரில் போய்ச் செய்ய வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். முதலில் முனியாண்டி வீடு. அப்புறம் ரெஜினா வீடு. வேறொரு மாஸ்டரை வேலைக்குப் போட வேண்டும், நான் ஆபீஸில் உட்கார்ந்து கார்டு எழுத வேண்டும். எல்லோரும் காரணம் கேட்பார்கள். சொல்ல வேண்டும். அதிலிருந்து தப்பிக்கக் குழந்தைவேலுவின் ஓட்டத்தைக் கவனித்தேன்.

தப்பு கண்டுபிடிக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன். மனுஷர் இறக்கத்தில் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டுப் பிரேக்கைத் தேவைக்கு மட்டும் தொடுகிறார். ஏறி வரும் பஸ்ஸுக்கு முன்கூட்டியே ஒதுங்கி வழிவிடுகிறார். வளைவுக்கு வளைவு ஹாரன். பெருமாள்மலை வரை பார்த்தும் ஒரே ஒரு தப்புதான் அகப்பட்டது, இண்டிகேட்டர் போடுவதில்லை. வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இதை என் வாழ்நாள் சாதனைகளில் சேர்க்கலாம்.

அதற்கும் கீழே இறங்கும்போதுதான் ஏதோ குறைகிறது என்று பட்டது. காருக்குள் பேச்சே இல்லை. எதிரே லாரி வருகிறது, ஓரத்தில் குரங்குக் கூட்டம், எல்லாம் நடுப்பார்வையில் எனக்கே தெரிகிறது. கமெண்டரி இல்லை. கோபமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

இந்திராணி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைப்பை மடியிலிருந்து சரிந்து காலடியில் கிடந்தது. வளைவில் தலை ஜன்னலில் டொக்கென்று முட்டியது, அதற்கும் விழிக்கவில்லை.

முப்பத்தோரு வருஷம். திருச்செந்தூர், குற்றாலம், சென்னை, ஒரு தடவை திருப்பதி. எத்தனையோ ஊருக்கு இவளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். என் வண்டியில் இவள் ஒரு நிமிஷம் கண் அசந்து நான் பார்த்ததில்லை. காரில் தூக்கம் வராத உடம்பு என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எட்டு மாதத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மீதி முப்பது வருஷத்துக்கு என்ன காரணம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நகர்ந்து உட்கார்ந்து, தலையை மெதுவாக என் தோளுக்கு மாற்றினேன்.

வத்தலக்குண்டு வந்து கால் மணி நேரமாகிறது. குழந்தைவேலு இறங்கிக் காபி குடிக்கிறார். எனக்கும் வேண்டுமா என்று ஜன்னல் வழியாகச் சைகையில் கேட்டார். வேண்டாம் என்றேன். இந்தப் பக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கண் காரணமில்லை. எழுதுகிற கையின் தோளில் இந்திராணியின் தலை இருக்கிறது.